உடையவன் எடுக்காத களை

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டபோது வேலை இழந்த தொழிலாளர்களைப் பற்றியும், லைன் வீடுகளில் அவர்களுடைய குடும்பங்கள் பட்ட துயரத்தைப் பற்றியும், பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய அந்தப் பாதாளக் குழிகளில் நீர் நிரம்பியதைப் பற்றியும் பத்திரிகைகளில் எழுதப்பட்டவை ஏராளம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் சுரங்கத்தோடு சேர்ந்து அதன் வசமிருந்த ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் அன்றே கவனிப்பாரற்றுப் போயிற்று என்பதையும், அதன் பலனை, சுரங்க வாசலை ஒருநாளும் மிதித்திராத சுற்றுக் கிராமத்து விவசாயி தன் ராகிக் கொல்லையிலும் தக்காளித் தோட்டத்திலும் இன்றளவும் அனுபவித்து வருகிறான் என்பதையும் யாரும் போதிய அளவு விசாரித்ததாகத் தெரியவில்லை. அந்த விவசாயியின் கட்சியை எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சேர்ந்தது முதல், 1956-இல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களைத் தன் உடைமையாக்கி, 1962-இல் அவற்றை மத்திய சர்க்காரிடம் ஒப்படைத்து, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது வரையில், இந்த நிலத்துக்கு எஜமானர்கள் மாறினார்களே தவிர எஜமானர் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. சட்டத்தின் கண்ணில் இன்றும் அது உடையவன் உள்ள நிலமே. அப்படியிருந்தும், கோடைமழை இரண்டு பெய்து ஓய்ந்த பிறகு மாரிகுப்பத்திலிருந்து சாம்பியன் ரீஃப் வழியாக ஊர்காம் வரையில் நடந்து செல்லும் எவரும், பாழடைந்த கட்டடங்களைச் சுற்றியும், ரயில் பாதையின் இரு ஓரங்களிலும், ஒரு காலத்தில் செம்மையாகப் பராமரிக்கப்பட்ட மைதானங்களிலும், இடுப்பளவு உயர்ந்து வெள்ளைப் பூச்சொரிந்து நிற்கும் பார்த்தீனியத்தைக் காணாமல் போக முடியாது. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிவைத்த மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கசடு குன்று குன்றாக நிற்கிறதே, உள்ளூரார் சயனைடு மேடு என்று சொல்லும் அந்தக் குன்றுகளின் அடிவாரங்களிலும், தூர்ந்துபோன வாய்க்கால்களின் கரைகளிலும் சீமைக்கருவேலம் முள்ளும் கிளையுமாக மண்டிக் கிடக்கிறது.

இந்த இரண்டில், விவசாயியின் அன்றாட வாழ்வை அதிகம் அலைக்கழிப்பது பார்த்தீனியமே. கன்னடத்துக்காரர்களும் அவர்களைப் பின்பற்றி நம் தமிழர்களும் காங்கிரஸ் செடி என்று அழைக்கும் இந்தப் பூண்டு மெக்ஸிகோவையும் அதனை அடுத்த அமெரிக்கப் பிரதேசங்களையும் பூர்விகமாகக் கொண்டது. மண்ணில் கொஞ்சம் ஈரம் கண்டால் எந்த மாதத்திலும் முளைக்கும். முளைத்த நாலைந்து வாரங்களில் பூத்துவிடும். ஒரு செடி பதினையாயிரம் முதல் இருபத்தையாயிரம் வரையில் விதைகளை உதிர்க்கும். அந்த விதைகளோ காற்றிலும், மழைநீரின் ஓட்டத்திலும், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றிலும், எருவிலும், மாட்டின் குளம்பிலும் ஏறிப் பயணம் செய்து, ஓராண்டுக்குள் மூன்று நான்கு தலைமுறைகளை உண்டாக்கிவிடும். அதன் வேரும் இலையும் மண்ணில் கசியவிடும் ரசாயனங்கள் அருகில் முளைக்கும் மற்றப் பயிர்களின் வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றன; சில பயிர்களில் மகசூல் நூற்றுக்கு நாற்பது வரையில் குறையக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

பேத்தமங்கலத்திலும், காமசமுத்திரத்திலும், ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டையின் சுற்றுப்புறங்களிலும் நிலம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரிக்காரர்கள். வற்றாத நதி ஒன்றுகூட இல்லாத ஜில்லா இது. நந்திமலைப் பக்கத்தில் தோன்றி இவ்வழியே செல்லும் பாலாறு மழை பெய்தால் ஓடும், இல்லையேல் மணலாய்க் கிடக்கும். ஆயிரம் அடிக்கும் கீழே ஆழ்துளைக் கிணறு இறக்கி, கடனோடு தண்ணீரையும் மேலே கொண்டுவந்து விவசாயம் செய்கிற இந்த ஜனங்களுக்குக் களையெடுப்பு என்பது பயிர்ச் செலவில் ஒரு சில்லறை இனம் அன்று. பல பருவங்களில் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே நிற்பது அதுதான். ராகி விதைத்த மூன்றாம் வாரத்தில் ஒரு களை, மறுமழைக்குப் பின் மற்றொரு களை என்று இருந்த கிரமம் மாறி, பார்த்தீனியம் புகுந்த கொல்லையில் களைக்கொத்தைக் கீழே வைக்க நேரமில்லாமல் போய்விட்டது. ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளும் பங்காருபேட்டையில் அதே ரயிலைத்தான் பிடிக்கிறார்கள். நகரத்துக் கூலிக்கு ஈடாகக் களைவெட்டுக் கூலி கொடுக்க ராகிக்காரனால் இயலாது. ஆகவே வீட்டிலுள்ள முதியவர்களும் பெண்களுமே குனிந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு குனிந்து எடுத்துச் சுத்தம் செய்த கொல்லை, அடுத்த காற்றுக்கே பழையபடி ஆகிவிடுகிறது என்பதே மனத்தை வருத்துகிற விஷயம். வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது சர்க்கார் புறம்போக்கு. அதற்கு அப்பால் சுரங்கக் கம்பெனியின் நிலம். ரயில்வேயின் ஓரம், நெடுஞ்சாலையின் சரிவு, பஞ்சாயத்தின் குப்பைமேடு, தண்ணீர் வராத ஏரியின் உள்வாய் என்று அவனைச் சூழ்ந்திருக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் யாரும் பிடுங்காத செடி பூத்துக் காய்த்து விதைத்துக்கொண்டே இருக்கிறது. தன் இரண்டு ஏக்கரைக் காப்பாற்றிக்கொள்ள இருநூறு ஏக்கரின் விதையோடு ஒரு தனி மனிதன் போராட வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்க்க முடியும்?

கோலார் என்றவுடன் பொன்னுக்கு அடுத்தபடியாக இப்போது நினைவுக்கு வருவது தக்காளி. கோலார் நகரத்தின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஆசியாவின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்றாக விளங்குகிறது. வட இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் இங்கிருந்து லாரிகள் புறப்படுகின்றன. அந்தத் தக்காளிக்கும் பார்த்தீனியத்துக்கும் உள்ள பகையைப் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள் 1980-ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். காற்றில் பறக்கும் பார்த்தீனிய மகரந்தம் தக்காளி, கத்திரி, மிளகாய், பீன்ஸ் முதலியவற்றின் பூக்களில் சூல்முடியின்மேல் படிந்தால் அந்தப் பூ சரியாகக் காய் பிடிப்பதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. செடி வேலிக்கு வெளியே நின்றாலும் கெடுதி உள்ளே வந்து சேர்ந்துவிடுகிறது. தன் தோட்டத்தில் ஒரு களைகூட இல்லாமல் பார்த்துக்கொண்ட விவசாயி, பூ உதிர்வதைக் கண்டு மருந்துக் கடைக்காரனிடம் போய் எதையெதையோ வாங்கி அடித்துக்கொண்டிருக்கிறான். குற்றவாளியோ சாலை ஓரத்தில் யாராலும் விசாரிக்கப்படாமல் நிற்கிறது.

இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நிகழ்ந்திருக்கிறது. ஆந்திரத்தின் அனந்தபூர் ஜில்லாவில் 2000-ஆம் ஆண்டில் நிலக்கடலைச் செடிகள் தண்டு கருகி மடியத் தொடங்கி, ஏறக்குறைய 2,25,000 ஹெக்டேரில் பரவி, முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் உண்டாயிற்று. புகையிலைக் கீற்று வைரஸ் என்ற கிருமியே காரணம் என்று பின்னர்த் தெளிந்தபோது, அந்தக் கிருமி வெளிக்குறி ஏதும் காட்டாமல் தங்கியிருந்த வீடு பார்த்தீனியமே என்பதும், இலைப்பேன்கள் அதன் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போய்க் கடலைச் செடியில் சேர்த்தன என்பதும் நிரூபணமாயின. கடலை விவசாயிகள் ஒரு ஜில்லா முழுவதும் மண்ணில் விழுந்ததற்கு மூலம் அவர்களுடைய வயலுக்குள் இல்லை. தரிசிலும் சாலையோரத்திலும் வளர விடப்பட்ட புதரில் இருந்தது.

பயிருக்கு நேர்வது போகட்டும். மனித உடம்புக்கு நேர்வதையும் சொல்ல வேண்டும். பார்த்தீனியத்தில் உள்ள பார்த்தெனின் என்ற பொருள், பல ஆண்டுகள் அதனோடு பழகியவர்களில் ஒரு சாராருக்குக் கடுமையான தோல் அழற்சியை உண்டாக்குகிறது. முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கையின் மடிப்பு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கறுத்து வெடித்து, வெயிலில் இறங்கினால் எரிந்து, இரவில் தூக்கமில்லாமல் சொறியச் செய்யும் இந்த வியாதியைப் புனேயில் 1970-களிலேயே மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். செடியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. காய்ந்த சருகின் தூளும் மகரந்தமும் காற்றில் வந்து பட்டாலே போதும். ஒரு முறை உடம்பு இதை வெறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் அந்த வெறுப்பு பெரும்பாலும் ஆயுள் பரியந்தம் நீடிக்கும். வெயிலையும் செடியையும் தவிர்த்து நடந்துகொள்ளுங்கள் என்று வைத்தியர் சொல்லலாம். வெயிலிலும் செடியிலும்தான் ஜீவனம் என்று இருப்பவள் அதை எப்படிக் கடைப்பிடிப்பாள்? பால் வியாபாரமே பல குடும்பங்களின் மாதச் சம்பளமாக இருக்கிற இந்த ஜில்லாவில், மேய்ச்சல் நிலம் பார்த்தீனியத்தால் மூடுண்டு புல் அழிந்துபோனதும், தப்பித் தவறித் தீவனத்தில் அது கலந்தால் பால் கசந்துபோவதும் வேறு நஷ்டங்கள். தீவனத்தில் அதன் பங்கு மிகுந்தபோது எருமைகள் செத்துப்போனதையும் சோதனைகள் காட்டியுள்ளன.

இந்தச் செடிகள் இங்கே எப்படி வந்தன என்று விசாரித்தால், விவசாயியின் கை அதில் எங்கும் படவில்லை என்பது விளங்கும். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு பார்த்தீனியம் கலந்து வந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. ஆனால் அந்தக் கோதுமைக்கான பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தானது 1956-இல். புனேயில் இந்தச் செடி கண்டறியப்பட்டதோ 1955-இல். எந்த மூட்டையில் வந்ததாயினும், அதை வரவழைத்தவன் ராகி விதைத்தவன் அல்லன். சீமைக்கருவேலத்தின் கதையில் சந்தேகத்துக்கே இடமில்லை. சென்னை ராஜதானியின் வன அதிகாரியாயிருந்த கர்னல் பெட்டோம் 1876-இல் எழுதிக் கேட்டுக்கொண்டதன் பேரில், ஜமைக்காவிலிருந்து விதை தருவிக்கப்பட்டுக் கடப்பைப் பிரதேசத்தில் நடப்பட்டது. விறகுப் பஞ்சம் தீரவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அது செய்யப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை.

தைலமரத்தின் வரலாறும் இதற்கு நெருங்கிய உறவுடையது. அது தானாகப் பரவி வயலில் புகும் களை அன்று என்பது மெய்யே. ஆயினும் கோலார் ஜில்லாவின் மண்ணை அந்நிய மரம் ஒன்று எவ்வாறு ஆக்கிரமித்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1980-களில் உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த சமூக வனத் திட்டத்தின்போது கன்றுகள் லட்சோப லட்சமாக விநியோகிக்கப்பட்டன. ரேயான் ஆலைக்கு மரம் தேவைப்பட்டது. கூலியும் களையும் இல்லாத பயிர் என்று கேட்ட மாத்திரத்தில் ராகி விளைந்த கொல்லைகள் தைலத்தோப்புகளாயின. வெளியூரிலிருந்துகொண்டு நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது சௌகரியமாக இருந்தது. ராகி அறுத்து வயிறு வளர்த்த கூலிக்காரர்களுக்கு வேலை போயிற்று. தும்கூர்ப் பக்கத்து விவசாயிகள் 1983-இலேயே வனத்துறை நாற்றங்கால்களுக்கு ஊர்வலமாகச் சென்று தைலக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து, அவ்விடத்தில் புளியும் மாவும் நட்டார்கள். அவர்கள் அன்று சொன்னதைக் கர்நாடக சர்க்கார் ஏற்றுக்கொண்டு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது 2017-இல். நடுவதற்குக் கடனும் கன்றும் திட்டமும் இருந்தன. வெட்ட வெட்டத் துளிர்க்கும் அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதற்கு இயந்திரம் கொண்டுவரும் செலவை விவசாயியே தலையில் ஏற்றுக்கொண்டான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகளையும் களைகளையும் அழிப்பதற்காகச் சென்னை ராஜதானி 1919-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றி இந்தியாவுக்கு வழிகாட்டியது. கர்நாடகத்துக்கு அதைப் போன்ற சட்டம் 1968-இல் உண்டாயிற்று. அதன் கீழ் 1975-இல் பார்த்தீனியம் கேடு விளைக்கும் களை என்று அறிவிக்கப்பட்டது. இத்தகைய சட்டங்களின் சாரம் எளியது: நிலம் எவன் வசம் இருக்கிறதோ அவன் அதிலுள்ள கேட்டை நீக்கக் கடமைப்பட்டவன், நீக்காவிட்டால் நோட்டீஸ் கொடுத்து நீக்கச் செய்யலாம். இந்தத் தர்மம் சின்ன விவசாயிக்கு மட்டும் உரியது என்று எங்கும் எழுதப்படவில்லை. தங்கவயல் தாலுகாவில் அதிகப் பரப்பை, அதிலும் உழவுக்கு வராத பரப்பை, தன் வசத்தில் வைத்திருக்கும் பெரிய மிராசுதாரர் யார் என்று பார்த்தால், அது மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் அவற்றின் கிளைகளுமே ஆகும். அரை நூற்றாண்டாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் கடமையை முதலில் நிறைவேற்ற வேண்டியவர்கள் அவர்களே என்பது என் திடமான அபிப்பிராயம்.

பரவிவிட்ட செடியை இனி என்ன செய்ய முடியும் என்று கையை விரிப்பவர்களுக்குச் சப்பாத்திக் கள்ளியின் சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஸ்பெயின் தேசத்தார் மெக்ஸிகோவிலிருந்து கொண்டுவந்து விற்ற செஞ்சாயப் பூச்சியைத் தாங்களும் வளர்த்துப் பணம் பண்ணலாம் என்ற ஆசையால் கிழக்கிந்தியக் கம்பெனியார் கள்ளித் தோட்டம் போட்டார்கள். சென்னையில் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற வைத்தியர் வைத்த தோட்டம் அதில் பிரசித்தமானது. 1795-இல் நீல்சன் என்ற காப்டன் பிரேஸிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். அது உயர்ந்த சாயம் தரும் ஜாதி அன்று என்பது பிறகுதான் தெரிந்தது; ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியை வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் தின்று தீர்த்துவிட்டது. அதைக் கண்டு 1830-களில் தென்னாட்டுக்கும் அது கொண்டுவரப்பட்டது. ஒரு களையை அழிக்க அதன் இயற்கைப் பகையை வேண்டுமென்றே எடுத்துச் சென்று விட்ட முயற்சிகளில் உலகத்திலேயே முற்பட்டவற்றுள் இது ஒன்று. அதற்கும் மசியாமல் ஊர் வேலிகளிலிருந்து கிளம்பி மேய்ச்சல் நிலங்களையும் கொல்லைகளையும் மூடிப் பாம்புகளுக்கு உறைவிடமாகியிருந்த இன்னொரு வகைக் கள்ளி, 1926-இல் இலங்கையிலிருந்து மற்றொரு செஞ்சாயப் பூச்சி தருவிக்கப்பட்ட பிறகு, ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கரில் மடிந்தது. தாத்தாக்கள் காலத்தில் ஊரைச் சுற்றி மதில்போல் நின்ற சப்பாத்தி இன்று எங்கே போயிற்று என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். அந்த வெற்றி கிடைத்தது, பூச்சிக்குச் சர்வே கல் தெரியாததால். புறம்போக்கென்றும் பட்டாவென்றும் அது பேதம் பாராட்டவில்லை. மனிதர்களின் ஏற்பாடும் அப்படிப் பேதமில்லாமல் இருந்தாலன்றிப் பயன் தராது.

பார்த்தீனியத்துக்கும் அத்தகைய முயற்சி நடந்தது. அதுவும் நம் அண்டையிலேயே. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் 1983-இல் மெக்ஸிகோவிலிருந்து ஒரு சிறு வண்டை வரவழைத்துப் பரிசோதித்து, 1984-இல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அது பெருகி, மழைக்காலத்தில் பார்த்தீனியத்தின் இலைகளை நரம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றது. பின்பு சூரியகாந்தி இலைகளிலும் அது காணப்பட்டதாகக் கிளர்ச்சி எழுந்து வண்டை விடுவது நிறுத்தப்பட்டது. பார்த்தீனிய மகரந்தம் படிந்த இலையைத்தான் அது கடித்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்த பிறகே அந்தப் பயம் தணிந்தது. எனினும் இந்த வண்டு ஜூனில் எழுந்து மழைக்காலம் முடிந்ததும் மண்ணுக்குள் உறங்கப் போய்விடுகிறது, செடியோ உறங்குவதில்லை. கோடைமழையில் முளைக்கும் முதல் தலைமுறை, வண்டு எழுவதற்குள் பூத்துவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது மனிதக் கையே. ஆகஸ்டு மாதத்தில் ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் நாடெங்கும் நடத்தும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நல்ல காரியமே. ஆனால் ஆகஸ்டில் விழிப்பதற்குள் செடி விதை கொட்டிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு ஆட்சேபம் சொல்லப்படும். அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். சுரங்கம் மூடிய பிறகு அடுப்பெரிக்க அந்த முள்ளை வெட்டிப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் உண்டு. தமிழ்நாட்டில் ராமநாதபுரம் பக்கத்தில் கரிமூட்டம் போட்டுச் சீவிக்கிறவர்கள் அநேகம். நீதிமன்றங்கள் அங்கே அதை அகற்ற உத்தரவிட்டபோது இந்தக் கேள்வியும் எழுந்தது. 2022-இல் தமிழ்நாடு அந்நியத் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வகுத்தபோது, அகற்றுவதோடு நில்லாமல் அவ்விடத்தில் நாட்டு மரங்களை மீட்டெடுப்பதையும் சேர்த்துக்கொண்டது. அந்த வழியே இங்கும் உகந்தது. முள்ளை வெட்டும் உரிமையை, வெளியூர்க் கான்ட்ராக்டருக்கு ஏலம் விடாமல், உள்ளூர் ஏழைகளுக்கே கொடுத்து, வேரோடு எடுத்த இடத்தில் புங்கனும் வேம்பும் வைத்தால் விறகுக்கும் குறைவிராது. ஆனால் சயனைடு மேடுகளின்மேல் உள்ளதை அவசரப்பட்டு உரிப்பது கூடாது. கோடைக்காற்றில் அந்தக் கசட்டுத் தூள் வீடுகளின்மேல் பறந்து வருவதை ஓரளவேனும் பிடித்து நிறுத்துவது அங்கு வளர்ந்திருக்கும் பச்சையே; அது எதுவாயினும், மாற்றுப் பச்சை வேர்பிடிக்கும் வரையில், விட்டுவைப்பதே விவேகம்.

பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளை நிரப்பும் கோரமங்கல–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் 2018-இல் தொடங்கியதிலிருந்து, வறண்டு கிடந்த ஏரிகள் பலவற்றில் தண்ணீர் நிற்கிறது. அந்த நீரின் தூய்மையைப் பற்றிய வழக்கும் வாதமும் தனி விஷயம். உரச்சத்து மிகுந்த நீர் வருகிற இடத்தில் ஆகாயத்தாமரையும் கரையோரக் களைகளும் கொழுக்கும் என்பது மட்டும் பொதுவாக அறியப்பட்டதே. ஆதலால் ஏரிக்குத் தண்ணீர் விடுகிற செலவோடு ஏரியின் உள்வாயையும் வரத்துக் கால்வாயையும் களையில்லாமல் வைத்திருக்கும் செலவையும் சேர்த்தே திட்டம் போடவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு விதையும் கீழ்மடைக் கொல்லைகளுக்குப் போய்விடும்.

செய்ய வேண்டிய காரியம் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்கிக் குழியிலிட்டால் பார்த்தீனியமே நல்ல மக்கு உரமாகும். பூத்த பின் பிடுங்கினால் விதையை நாமே விதைத்தவர்களாவோம். ஆவாரையும் தகரையும் அடர்த்தியாக வளர்ந்த இடத்தில் அது அவ்வளவு எளிதாகத் தலை தூக்குவதில்லை. கோலார் மண்ணுக்கு ஆவாரை அந்நியமானதன்று, விதை சேகரித்துத் தூவுவதற்குப் பள்ளிப் பிள்ளைகள் போதும். மே மாதக் கடைசியில் ஒரு முறையும், செப்டம்பரில் ஒரு முறையும், ஒரே வாரத்தில், தாலுகா முழுவதிலும், நிலம் யாருடையதாயினும் சரி என்று எடுத்தாக வேண்டும். ரயில்வேக்குத் தன் பாதையோரம், நெடுஞ்சாலைத் துறைக்குத் தன் சரிவுகள், நகரசபைக்கு ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உள்ள தன் காலிமனைகள் என்று ஜில்லா கலெக்டர் எழுத்து மூலம் பங்கிட்டு, 1968-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் முதல் நோட்டீஸைச் சுரங்க நிலத்தின் பொறுப்பாளர்களுக்கு அனுப்பட்டும். அந்த நிலத்தில் தொழிற்பேட்டை வருமா, கசட்டிலிருந்து மறுபடி பொன் எடுக்கப்படுமா என்ற ஆலோசனைகள் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் நடக்கட்டும். அதுவரையில் அங்கே விதை உதிராமல் பார்த்துக்கொள்வதற்கு எந்த ஆலோசனையும் தடையாகாது.

இந்த வேலையைப் பெண்களே பெரும்பாலும் செய்யப்போகிறார்கள் என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு அவர்களைப் பார்த்தீனியத்துக்குள் இறக்குவது பாவம். கைக்கும் முகத்துக்கும் உறை, முழங்கை மறையும் சட்டை, வேலை முடிந்ததும் குளிக்கச் சோப்பும் தண்ணீரும், ஏற்கெனவே தோல் அழற்சி கண்டவர்களை விலக்கி வேறு வேலை கொடுப்பதற்கு முன்கூட்டியே ஒரு மருத்துவப் பரிசோதனை ஆகியவை கூலியோடு சேர்ந்த உரிமைகளாக இருக்க வேண்டும். கூலியும் பெங்களூர் ரயிலைப் பிடிக்காமல் ஒருத்தி ஊரிலேயே இருந்து செய்யத் துணியும் அளவுக்கு இருக்கவேண்டும். அதைக் கிராமங்களில் ஊரக வேலைத் திட்டத்திலிருந்தும், பஞ்சாயத்து எல்லைக்கு வெளியே உள்ள நிலங்களில் அந்தந்த நிலத்துக்கு உரிய இலாகாவின் சொந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்தும் கொடுக்கலாம். அடுத்த கோடைமழைக்கு முன் பணம் ஒதுக்கப்பட்டால்தான் மே மாதக் கடைசியில் கை இறங்கும். ஜூனில் ஒதுக்கினால் இன்னொரு வருஷத்து விதை விழுந்துவிடும்.